தானாக வந்த இணைப்பு

காலி வீட்டின் நடுவே கைப்பேசியை உயர்த்திப் பிடித்து சிக்னல் தேடுகிறாள் அந்தப் புரோகிராமர். அலுவலகத்துக்குப் பக்கம், சிக்னல் மட்டும் கிடைத்தால் வீடு முடிந்த மாதிரிதான். நாற்காலிச் சக்கரம் தேய்த்த தரையில் மாலை வெயில் படுத்திருக்கிறது. "முன்னாடி இருந்த பொண்ணும் கம்ப்யூட்டர் வேலைதாம்மா. திடீர்னு காலி பண்ணிடுச்சு," என்கிறார் தரகர், முகம் பார்க்காமல். கைப்பேசி சிணுங்குகிறது. வைஃபை தானாக இணைந்துவிட்டது, பெயர் 'தூங்குமூஞ்சி'. போன மாதம் இறந்துபோன தோழி தன் கைப்பேசி இணைப்புக்கு வைத்திருந்த பெயர். அலுவலகத்தில் இவள் தினமும் ஒட்டிக்கொண்டது அதில்தான். சோம்பேறி, வீட்டு வைஃபைக்கும் அதே பெயர், அதே கடவுச்சொல் வைத்திருக்கிறாள். 'ஒரு நாளாவது வீட்டுக்கு வாடி' என்று எத்தனை முறை கூப்பிட்டிருப்பாள்! அலமாரி மேல் வைஃபை பெட்டியின் பச்சை விளக்கு சிமிட்டுகிறது. "பழைய குப்பை," என்று தரகர் பிளக்கைப் பிடுங்கக் கை நீட்டுகிறார்.

"அணைச்சிடாதீங்கண்ணே! நான் இப்பத்தான் வந்திருக்கேன்."