ரோஜாவுக்கு மீன் தண்ணீர்

கடிகாரக்காரர் வாளியும் கையுமாக ரோஜாச் செடியின் முன்னால் நின்றார். ஊற்றவில்லை.

வாசற்படியில் அவர் மனைவி டீச்சரம்மா, இடுப்பில் கை.

அவர்களுடைய ஒப்பந்தம் தெருவுக்கே தெரியும். போன வருஷம் அவர் கூடத்தில் மீன் தொட்டி வைத்தபோது, ஒரு வாரம் வீட்டில் பேச்சே இல்லை. பிறகு டீச்சரம்மா தீர்ப்புச் சொன்னார். தொட்டியின் அழுக்குத் தண்ணீர் ஞாயிறுதோறும் ரோஜாவுக்கு வந்தாக வேண்டும். ரோஜா பூக்கிறவரை தொட்டி இருக்கலாம். செடி வாடினால் தொட்டி தெருவுக்கு.

சும்மா சொல்லக் கூடாது, மீன் கழிவு நல்ல உரம். செடி மதிலைத் தாண்டி வளர்ந்து, எட்டிப் பார்க்கிறவர்களுக்கெல்லாம் இடைஞ்சலாகிவிட்டது.

ஆனாலும் டீச்சரம்மா தொட்டிப் பக்கம் திரும்பியதில்லை. மீன்களுக்கு அவர் வைத்த பெயர் தண்டச்சோறு.

இன்றைக்குத்தான் சிக்கல். பெரிய மீனின் வாலில் வெள்ளைப் புள்ளி. வெள்ளிக்கிழமை கண்ணில் பட்டதும், கடிகாரக்காரர் யாருக்கும் தெரியாமல் தொட்டியில் இரண்டு பிடி கல்லுப்பு போட்டார். அளவோடு போட்டால் மீனுக்கு அதுதான் மருந்து. ரோஜாவின் வேருக்கு அதுவே விஷம்.

ஊற்றினால் செடி போச்சு, பின்னாலேயே தொட்டியும். ஊற்றாவிட்டால் காரணம் சொல்ல வேண்டும். சீக்கு மீனைக் கூடத்தில் வைத்திருக்க அந்த அம்மாள் விடுவாரா?

கால் மாற்றி நின்றார். மொட்டுகளை எண்ணுவதுபோல் பாவனை செய்தார். நாள் முழுக்க வினாடி முள்ளோடு மல்லுக்கட்டுகிற மனிதருக்கு ஒரு நிமிஷம் இத்தனை நீளம் என்று அன்றுதான் தெரிந்தது.

டீச்சரம்மா செருப்பை மாட்டிக்கொண்டு விறுவிறுவென்று வந்து வாளியைப் பிடுங்கினார்.

"ஊத்திடாதீங்க! தொட்டியில நான் உப்பு போட்டிருக்கேன். பெரியவன் வால்ல புள்ளி, வியாழக்கிழமையே பாத்துட்டேன். நீங்கல்லாம் என்னத்த மீன் வளக்கிறீங்க?"

பெரியவனாம்!

கடிகாரக்காரர் வாயைத் திறந்தார். அவள் போட்டது, தான் போட்டது, இரண்டும் ஒரே தொட்டியில் என்பது அப்போதுதான் உறைத்தது. வாசலில் பிடித்து வைத்திருந்த நல்ல தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்கு ஓடினார்.

அந்த முகத்தைப் பார்த்ததே போதும். என்ன ஏதென்று கேட்காமல் டீச்சரம்மாவும் பின்னால் ஓடினார்.

வாசற்படிக்கு மேல் யாரையும் செருப்போடு விடாத அம்மாள், செருப்போடு.