இருநூறு இலக்கம்

"என்னம்மா, என் எண் என்னாச்சு?" மகள் உள்ளே வந்ததும் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தபடியே அப்பா கேட்டார்.

ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். தான் கண்டுபிடித்தது என்று இருநூறு இலக்க எண் ஒன்றை நேற்றுக் கொடுத்து, பகா எண்தானா என்று கம்ப்யூட்டரில் பார்த்துவரச் சொல்லியிருந்தார்.

இல்லை என்று ஒரே நொடியில் வந்துவிட்டது. ஆனால் இனி மருந்தால் பயனில்லை என்று டாக்டர் அவளிடம் மட்டும் சொல்லியிருந்தார். இதையாவது அவருக்குக் கொடுக்க நினைத்தாள்.

"பகா எண்தான்பா. ஒன்றையும் அதையும் தவிர எதுவும் வகுக்காது."

"கடைசியிலேருந்து திருப்பி எழுதினா?"

அதை அவள் போட்டுப் பார்க்கவே இல்லை. "அதுவும் பகா எண்தான்."

"அடேங்கப்பா. நல்லாப் பார்த்தியா?"

"ரெண்டு தடவை பார்த்தேன்பா."

அப்பா கண்ணாடியைக் கழற்றி மடித்தார்.

"ரெண்டு பெரிய எண்ணைப் பெருக்கி நானே செஞ்சதும்மா அது. பகா எண்ணா இருக்கவே முடியாது."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"அது கிடக்கட்டும். சீக்கிரம் வீட்டுக்குப் போயிடலாம்னு தினமும் சொல்றியே, அதையும் இதே முகத்தோடதான் சொல்றே."