ஓசூர் விலாசம்

கேட்டதற்கு மட்டும் பதில் சொல்ல வேண்டும். கேட்காததைச் சொல்லக்கூடாது.

சோலைமலைக்கு அந்த விதி மனப்பாடம். மதுரையில் இந்த வகுப்பு எப்போது நடந்தாலும் வந்துவிடுகிறார். முன்னால் ஒரு நாற்காலி. அதில் உட்கார்ந்தால் அவர்தான் கட்சிக்காரர். எதிரே இருக்கும் இளம் வக்கீல்கள் அவரைக் கேள்வி கேட்டுப் பழகுகிறார்கள்.

வாங்காத கடனை வாங்கியதாக ஒருவர் பெயரில் பதிவாகிவிட்டால் அவருக்காக எப்படி வாதாடுவது? அதுதான் பாடம்.

பாடத்துக்கு ஏற்ற ஆள். கதை கட்ட வேண்டியதில்லை. நடந்ததைச் சொன்னால் போதும்.

சொந்தமாக ஒரு லோடு வண்டி வாங்க வங்கிக்குப் போனார். ஜாமீன் கையெழுத்துப் போட மச்சானையும் கூட்டிப்போனார். மேனேஜர் கணினியைப் பார்த்துவிட்டு, ஓசூர் விலாசத்தில் உங்களுக்குக் கடன் பாக்கி இருக்கிறதே என்றார். என்ன கடன் என்று மச்சான் விடாமல் கேட்க, மேனேஜர் ஓசூருக்குப் போன் போட்டு விசாரித்தே சொல்லிவிட்டார்.

பிரிட்ஜ். வாஷிங் மிஷின். கட்டில்.

ஓசூர்க்காரன் வேறு ஆள். பெயர் ஒன்று. பிறந்த தேதியும் ஒன்று. அழகர்மலையைச் சுற்றியுள்ள ஊர்களில் ஒரு கல்லை விட்டெறிந்தால் யாராவது ஒரு சோலைமலை மேல்தான் விழும். அதில் ஒருவன் ஓசூரில் குடித்தனம் வைத்து, தவணை கட்டாமல் போனான். அது இவர் தலையில் வந்து விடிந்தது.

இன்று வந்த வக்கீல்களும் மோசமில்லை. எப்போது தெரிந்தது, எழுத்தில் புகார் கொடுத்தீர்களா, என்ன பதில் வந்தது, வண்டி இல்லாமல் எவ்வளவு நஷ்டம். மளமளவென்று கேட்டார்கள். அவரும் மளமளவென்று சொன்னார்.

மன உளைச்சல் உண்டா என்று ஒருவர் கேட்டார்.

உண்டு என்றார்.

அந்த வக்கீல் குறித்துக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போனார். எல்லா வகுப்பிலும் யாராவது ஒருவர் அதைக் கேட்பார்கள். என்ன உளைச்சல் என்று இதுவரை யாரும் கேட்டதில்லை.

அவருடைய மனைவி மேலூரில் அண்ணன் வீட்டில் இருக்கிறாள்.

அப்போதெல்லாம் யாரோ ஒருவரின் வண்டியை ஓட்டிக்கொண்டு, தக்காளி ஏற்ற மாதம் தவறாமல் ஓசூர் போய்வந்தவர் அவர். மச்சான் வங்கியிலிருந்து நேரே தங்கையிடம் போனார். கட்டில்வரைக்கும் வாங்கிப் போட்டிருக்கிறார் என்று மட்டும் சொன்னார். மிச்சத்தை அவளே சொல்லிக்கொண்டாள்.

வழக்கு ஜெயித்தது. பதிவைத் திருத்தினார்கள். லோடு வண்டியும் வாங்கியாகிவிட்டது. திருத்திய அறிக்கையை மேலூருக்குக் கொண்டுபோய்க் காட்டினார்.

"காசக் கட்டுனா அழிச்சுக் குடுத்துருவாங்க மாப்ளே," என்றார் மச்சான். அவள் அதைக் கையில்கூட வாங்கவில்லை.

ஊர் வாயை மூட உலைமூடி உண்டா என்பார்கள். அவருக்கு ஊரைப் பற்றிக் கவலையில்லை. அவள் நம்பினால் போதும்.

கடைசியில் நோட்டீஸ் எழுதும் பயிற்சி. வகுப்பை நடத்தும் சீனியர் அம்மாதான் அவருடைய வழக்கையும் நடத்தியவர். ஜெயித்துக் கொடுத்ததில் அந்த அம்மாவுக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. இருக்கட்டும். ஜெயித்தது நிஜம்தானே.

"கெடு போடாத நோட்டீஸ் பல்லப் புடுங்குன பாம்பு மாதிரி," என்றார் சீனியர். "இத்தன நாளைக்குள்ள பதில் வேணும்னு எழுதணும். இல்லாட்டி எவனும் மதிக்க மாட்டான்."

பேனாக்கள் ஓடின.

ஓரத்தில் ஒரு பெண் மட்டும் எழுதவில்லை. உசிலம்பட்டியிலிருந்து வந்தவள். கோட்டு இன்னும் உடம்புக்குப் பழகவில்லை.

"அந்தத் தப்பான தகவல் யார் யார் காதுக்குப் போச்சுங்கய்யா? திருத்தினதும் அவங்க எல்லாருக்கும் போய்ச் சேரணும்ல?"

அவர் வங்கியைச் சொன்னார். வண்டிக் கம்பெனியைச் சொன்னார்.

நிறுத்தினார்.

கேட்டதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

மேலூர் விலாசத்தைச் சொன்னார். கதவு எண், தெரு, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்புறம் என்பதுவரை சொன்னார்.

"இது எந்த பேங்க்குங்கய்யா?"

"பேங்க் இல்லம்மா. என் வீட்டுக்காரம்மா."

ஒருவன் சிரிக்கப் பார்த்தான். பக்கத்தில் இருந்தவன் முழங்கையால் இடித்தான். சீனியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்த பிறகும் போட்டுக்கொள்ளவில்லை.

அந்தப் பெண் புதுத் தாள் ஒன்றை எடுத்தாள். பெயர் கேட்டாள். தவமணி என்றார். எழுத எழுத மெதுவாக வாசித்துக்கொண்டே போனாள்.

மேற்படி ஓசூர் விலாசத்தில் குடியிருப்பவர் எமது கட்சிக்காரர் அல்லர். அங்கே எமது கட்சிக்காரருக்கு யாதொரு வீடும் இல்லை. யாரும் இல்லை.

அவர் கைகளை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்.

கடைசி வரிக்கு வந்ததும் அவள் நிமிர்ந்தாள். சீனியரை ஒருமுறை பார்த்தாள். பாடம் பாடம்தானே.

"கெடு எத்தன நாள் போடட்டுங்கய்யா?"

அவர் யோசிக்கவே இல்லை.

"கெடு போட வேணாம்மா."