இடது பக்கம் இழுக்குது

பிரிக்ஃபீல்ட்ஸ் வாழ் பெருமக்களுக்கு இதனால் அறிவிக்கப்படுவது யாதெனில், ரயில்வே குவார்ட்டர்ஸ் வீடுகளின் பரிசோதகர் கொர்னேலியஸ் பக்கவாதத்தால் காலமாகத் தீர்மானித்துவிட்டார். அதற்குத் தோதாகக் கோட்டும் டையும் மாட்டிக்கொண்டு, சாய்வு நாற்காலியில் படுத்துமிருந்தார்.

"தலை சுத்துது செசிலியா. எழுந்து நின்னா இடது பக்கமா இழுக்குது. மூளைக்கு ரத்தம் போகலேன்னா இப்படித்தானாம், ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் சொன்னாரு."

"தெருவுல நேராத்தானே நடந்து வந்தீங்க?" என்றாள் மனைவி.

"அது தெரு. கௌரவமான மனுஷனுக்கு வீட்லதான் சாவு வரும். மாதா கோயில் சாமியாரைக் கூப்பிடு."

அதற்குள் பக்கத்து வீட்டு அம்புரோஸ் வந்தார். உள்ளே கால் வைத்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணே, எனக்கும் சுத்துதே!"

"ஐயோ, ஒட்டிக்கிச்சா!" கொர்னேலியஸ் கண் கலங்கினார். "கோயில் கமிட்டித் தலைவர் பதவிக்கு இத்தனை வருஷமா மல்லுக்கு நின்னியே. நீயே வச்சுக்க."

அம்புரோஸ் மறுக்கவில்லை.

சாமியார் வந்தார். சாகப்போகிறவர் நெற்றியில் எண்ணெய் தொட்டு அவஸ்தை பூசுவதற்கு முன், கொண்டுவந்த மெழுகுவத்தியை மேசைமேல் வைத்தார். அது இடது பக்கமாக உருண்டு போய்த் தரையில் விழுந்தது; அங்கேயும் நிற்காமல் இடது சுவர்வரை ஓடியது.

"மெழுகுவத்திக்குமா பக்கவாதம்?" என்றாள் செசிலியா.

இறங்கிப் போய், மரக்கால்கள்மேல் நிற்கும் அந்த வீட்டின் அடியில் குனிந்து பார்த்தாள். இடப்பக்கத்துக் கால்களைக் கரையான் தின்று தீர்த்திருந்தது.

போன மாதம் அந்தக் கால்களைக் கைத்தடியால் தட்டிப் பார்த்து, "இன்னும் முப்பது வருஷம் தாங்கும்" என்று மேலிடத்துக்குச் சொன்னவர் பரிசோதகர் கொர்னேலியஸ்.