கொண்டைக்கடலை வள்ளல்

ஆபீஸில் சிங்காரவேலுவுக்கு வள்ளல் என்று பேர். மத்தியானச் சாப்பாட்டு டப்பாவைத் தினமும் அப்படியே தூக்கி, ஆபீஸைக் கூட்டிப் பெருக்கும் அம்மாக்கண்ணுவிடம் கொடுத்துவிடுவார்.

"உங்களுக்கு சார்?"

"என்னைய விடுங்க. உங்களுக்குச் சக்கரை இருக்கு. பயறு நல்லது, சாப்பிடுங்க."

சொல்லிவிட்டு, தொப்பைக்கு மேல் பேண்ட்டை இழுத்துவிட்டபடி வெளியே போவார். பசியோடு போகிறாரே பாவம் என்று ஆபீஸே உருகும்.

அவர் போவது பாலக்கரை பக்கம் இருந்த புரோட்டா கடைக்கு.

கல்லீரலில் கொழுப்பு சேர்ந்திருக்கிறது, இடுப்பைக் குறைக்காவிட்டால் சர்க்கரையும் வந்துவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். "சோத்தைப் பாதியாக்கிட்டு, அந்த இடத்துல பயறு, கடலை சேத்துக்குங்க. பசி அடங்கும். சக்கரையும் சட்டுனு ஏறாது."

அன்றிலிருந்து மனைவி ஜெயசித்ரா திங்கள் பச்சைப்பயறு, செவ்வாய் கொண்டைக்கடலை, புதன் தட்டைப்பயறு என்று கட்டிக் கொடுத்தாள். வியாழன் கொள்ளு. 'குதிரைன்னே முடிவு பண்ணிட்டா' என்று நொந்துகொண்டார்.

முதல் நாள் டப்பாவைக் கைமாற்றியதற்குச் சால்னா ஆசைதான் காரணம். நாலு பேர் பாராட்டியதும், தர்மம்தான் காரணம் என்று அவரே நம்ப ஆரம்பித்துவிட்டார். ஒருநாள் மூன்றாவது புரோட்டாவைப் பிய்க்கும்போது, 'எவ்வளவு நல்ல மனுஷன்யா நீ' என்று தன்னை நினைத்துக் கண்கூடக் கலங்கியது.

மூன்று மாதம் கழித்து ஆபீஸிலேயே மருத்துவ முகாம் போட்டார்கள்.

அம்மாக்கண்ணுவின் பழைய சீட்டையும் புதுச் சீட்டையும் டாக்டரம்மா இரண்டு தடவை பார்த்தார். "சாப்பாட்டுக்கு அப்புறம் எரநூத்தித் தொண்ணூறு இருந்துச்சு. ஊசியே போடணும்னு சொல்லியிருந்தாங்க. இப்ப நூத்தி எழுவது! என்ன பண்ணுனீங்க?"

"மாத்திரைய விடாம போட்டேங்க. மத்தியானம் ரெண்டு தட்டு சோறு திம்பேன், அத வுட்டுட்டேன். எல்லாம் சார் குடுக்குற பயறுதாங்க."

கைதட்டல். சிங்காரவேலு அடக்கமாகத் தலைகுனிந்தார்.

"அந்த சாரைக் கூப்புடுங்க, பாப்போம்."

டேப் அவர் இடுப்பைச் சுற்றி வரவே திணறியது. நாற்பது இஞ்ச் நாற்பத்திரண்டாகியிருந்தது. சர்க்கரையும் எட்டிப் பார்த்திருந்தது.

"டப்பாவைக் குடுத்துட்டுப் பட்டினியா இருந்தா இப்படி ஏறாதே சார்? மத்தியானம் என்ன சாப்பிடுறீங்க?"

மொத்த ஆபீஸும் அவர் வாயையே பார்த்தது.

"புரோட்டா" என்றார். பொண்ணு பார்க்கப் போன அன்றுகூட அவ்வளவு மெதுவாக அவர் பேசியதில்லை.

சாயங்காலம் ஊருக்குத் திரும்பும் எறையூர் பஸ்ஸில், வீட்டில் எப்படிச் சொல்வது என்று வழிநெடுக ஒத்திகை பார்த்தார். வாசல்படி ஏறியதும் எல்லாம் மறந்துபோனது.

"சித்ரா, ஒரு நாள்கூட உன் பயறை நான் திங்கலை. அம்மாக்கண்ணுகிட்ட குடுத்துட்டு, புரோட்டா தின்னேன்."

"தெரியுங்க" என்றாள் ஜெயசித்ரா.

"தெரியுமா?"

"மொத வாரமே அந்தக்கா நம்பர் வாங்கிப் போன் பண்ணுனாங்க. சார் எனக்காகப் பட்டினி கெடக்குறாருன்னு ஒரே அழுகை. உங்க சட்டையில வந்த சால்னா வாசத்தைச் சொல்லவா முடியும்? பேசாம இருந்துட்டேன்."

"அப்பறம் எதுக்கு எனக்கு தெனமும் கட்டிக் குடுத்த?"

"உங்களுக்கா? வளந்த ஆம்பளைக்குப் புடிச்சு ஊட்டவா முடியும்? எது ஒத்துக்கும்னு அந்தக்காவையே கேட்டு, எண்ணெய், உப்பைக் குறைச்சு அவங்களுக்குத்தாங்க கட்டுனேன். பஸ்ஸுல தூக்கிட்டுப் போய்க் குடுக்க ஒரு ஆளு வேணும்ல?"