எல்லாம் சரியாகச் செய்தாள்

“பந்து எங்க கண்ணு?”

குழந்தை பந்தை எடுத்து டாக்டரின் கையில் வைத்தாள்.

சுவரோரப் பெஞ்சில் அம்மா குழந்தையின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் கணவன், பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கும் பையனைப் போல முழங்காலை ஆட்டிக்கொண்டிருந்தான்.

டாக்டர் கப்பைக் கேட்டார். கொடுத்தாள். அடுத்ததைக் கேட்க அவர் வாய் திறப்பதற்குள் கரண்டியை நீட்டினாள்.

“சரியான சுட்டி. அப்பா மாதிரியா?”

“அவ அத்தை மாதிரி டாக்டர்” என்ற கணவன் உடனே நாக்கைக் கடித்துக்கொண்டான்.

கதவுக் கண்ணாடிக்கு வெளியே அந்த அத்தை, அவன் தங்கை, நின்றிருந்தாள். அவளுக்கு இங்கேதான் வேலை. பெருக்கித் துடைப்பது, சாயங்காலம் இந்தப் பொம்மைகளைக் கழுவித் திரும்பப் பெட்டியில் அடுக்குவது. அண்ணியைப் பார்த்ததும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாள்.

அம்மா சிரிக்கப் பார்த்தாள். வரவில்லை.

“வயசுக்கு ஏத்த மாதிரி எல்லாமே பண்றா. பயப்பட ஒண்ணுமில்ல, கூட்டிட்டுப் போங்க.” டாக்டர் எழுந்துவிட்டார்.

இந்த வார்த்தைக்காகத்தானே வந்தது. குழந்தையிடம் ஏதோ குறை என்று பேசும், மாமியாரிலிருந்து பக்கத்து வீடு வரை எல்லோர் வாயையும் அடைக்க இது போதும்.

பிறகு ஏன் எழுந்து கிளம்பத் தோன்றவில்லை?

சந்தோஷப்படுவதா, அழுவதா என்றே பிடிபடவில்லை. வாயைத் திறந்தால் நாத்தனாரின் வேலைக்கு உலை வைத்த மாதிரி. திறக்காவிட்டால் என்ன ஆகும் என்பதை அவளால் முழுதாக நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

குழந்தை எல்லோருக்கும் முதுகைக் காட்டி உட்கார்ந்து, தரையில் ஓடிய கோடு ஒன்றை விரலால் தடவிக்கொண்டிருந்தாள்.

கணவன் பையைத் தோளில் மாட்டினான். “வா, அதான் சொல்லிட்டாங்கல்ல.”

“டாக்டர்.” அவள் குரல் அவளுக்கே யாருடையதோ போலிருந்தது. “ஸ்கூல் அட்மிஷனுக்குப் பழக்கற மாதிரி, இங்க என்ன கேப்பீங்கன்னு முன்னாடியே தெரிஞ்சுக்கிட்டு, இதே சாமானெல்லாம் வாங்கி, இதே வரிசையில வீட்ல பழக்கிட்டுத்தான் கூட்டிட்டு வந்தோம்.”

கணவன் அவள் முழங்கையைப் பிடித்து அழுத்தினான். அவள் கையை உருவிக்கொண்டாள்.

“அவ பேரச் சொல்லிக் கூப்பிட்டுப் பாருங்க. அது மட்டும் எங்களால பழக்க முடியல.”

டாக்டர் மறுபடி உட்கார்ந்தார்.

கூப்பிட்டார். குழந்தையின் விரல் கோட்டிலேயே ஓடிக்கொண்டிருந்தது.