அந்தோணியார் சிபாரிசு

"நாளைக்கு இன்டர்வியூ. அந்தப் பொஸ்தகத்தைத் தொட்டாவது பாரேண்டா!"

"கரண்டு பூட்ச்சிம்மா. இருட்டுல இன்னாத்த படிக்கிறது?" என்று ஹென்றி போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டான். அவன் போகப்போவது எண்ணூரில் கரண்டு தயாரிக்கிற கம்பெனிக்கு. இருப்பதோ ஒரே ஒரு வேலை.

இனி மகனை நம்பிப் பயனில்லை என்று பிலோமி அந்தோணியார் கோயிலுக்கு ஓடினாள்.

வாசலில் மெழுகுவர்த்தி விற்கும் ஜானட், "இன்னாக்கா, இம்மாந்தூண்டு எடுக்கிற? இதே வேலைக்குத் தன் புள்ளைக்காக சொக்கம்மா முழங்கை நீளத்துக்கு ஏத்திட்டுப் போயிகீறா" என்றாள்.

"அவளா? அப்போ இருக்கிறதுலயே பெருசா எடு!"

ஏற்றிவிட்டு பிலோமி மண்டியிட்டாள். "அந்தோணியாரே, வேலைய எம்புள்ளைக்குக் குடு. சொக்கம்மா புள்ளைக்கு வேற எங்கியாவது பாத்துக்கலாம்."

அடுத்த வாரம் சேதி வந்தது. அந்த ஒரே வேலை ஜானட்டின் மகளுக்கு!

பிலோமி பத்ரகாளியாக வந்து நின்றாள். "அடிப்பாவி! எங்களுக்கெல்லாம் வித்துட்டு, நீ எவ்ளோ பெருசு ஏத்தின?"

"நான் எங்கக்கா ஏத்தினேன்? விக்கிறதுக்கே நேரம் சரியாகீது." ஜானட் பீடத்திலிருந்து பொறுக்கி வந்த பாதி எரிந்த மெழுகுவர்த்திகளைக் கூடையில் அடுக்கினாள். "நீங்கள்லாம் ஏத்திட்டு அப்பால போனதும், அணைச்சு வூட்டுக்கு எடுத்துகினு போவேன். கரண்டு பூட்டா எம்பொண்ணு அதுலதான் படிக்கும். உன்னுது இருக்கே, விடிய விடிய நின்னு எரிஞ்சுதுக்கா!"